புது மைக் வாங்கும் முன்: வீட்டுப் பதிவில் கோளாறு எங்கே இருக்கிறது?

“அண்ணா, என் மைக் சரியில்லை. கொஞ்சம் நல்லதா ஒண்ணு சொல்லுங்க.”

என் அக்காவிடம் பாட்டுக் கற்றுக்கொள்கிற பிள்ளைகளிடமிருந்து மாதத்துக்கு ஒரு முறையாவது இப்படி அழைப்பு வரும். போட்டிக்கு அனுப்பவோ, வெளியூரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு அனுப்பவோ வீட்டிலேயே பாடிப் பதிவு செய்கிறவர்கள். ஆரம்பத்தில் நானும் மைக் பெயர்களைத்தான் அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் சில வீடுகளுக்கு நேரில் போய்ப் பார்த்தேன். பெரும்பாலும் மைக் பாவம், ஒன்றும் செய்யவில்லை. ஒயரோ, அறையோ, லேப்டாப்பின் ஏதோ ஒரு செட்டிங்கோதான் காரணம். அதனால் இப்போதெல்லாம் “என்ன மாதிரி கேட்கிறது?” என்றுதான் முதலில் கேட்கிறேன். கீழே இருப்பதும் அந்த வரிசையில்தான்.

அதற்கு முன்னால் ஒரு நிமிடப் பதிவு. முதல் இருபது விநாடி வாயைத் திறக்காதீர்கள். அடுத்த இருபது விநாடி சாதாரணமாகப் பேசுங்கள். கடைசி இருபது விநாடி மேல் ஸ்தாயியில் முழுத் தொண்டையில் பாடுங்கள். ஹெட்போனில் கேளுங்கள், லேப்டாப் ஸ்பீக்கரில் கீழ் ஒலிகள் காணாமல் போய்விடும். சும்மா இருந்த பகுதியில் இரைச்சலும் கரண்ட் சத்தமும் தெரியும். பேச்சில் அறையின் எதிரொலி தெரியும். பாட்டில் குரல் உடைகிறதா என்று தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி அதே ஒரு நிமிடம்.

சத்தமே வரவில்லை

இன்டர்ஃபேஸில் (மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் பெட்டி) சொருகும் கண்டென்சர் மைக்குக்கு (மெல்லிய தகடு வைத்த, மின்சாரம் கேட்கும் வகை) ஒயர் வழியே 48 வோல்ட் தேவை; அதற்குப் பெயர் ஃபாண்டம் பவர். இன்டர்ஃபேஸில் ‘48’ என்று போட்ட பொத்தானை அமுக்கினீர்களா? டைனமிக் மைக்குக்கு (மேடையில் கையில் பிடித்துப் பாடும் வகை) அது தேவையில்லை. சரியான எக்ஸ்எல்ஆர் (மூன்று பின்) ஒயரில் இருந்தால் அமுக்கினாலும் கெடாது.

பிஎம்-800 என்ற எண்ணோடு பல பெயர்களில் விற்கும் மைக் செட்டில் ஒரு சிக்கல் உண்டு. பெட்டிக்குள்ளேயே 3.5 மில்லிமீட்டர் பின் வைத்த ஒயர் இருக்கும். அதை நேராக லேப்டாப்பில் சொருகினால் கிடைப்பது சில வோல்ட்தான். சத்தம் வராது, அல்லது கிணற்றில் பேசுவதுபோல் மெல்லிசாக வரும். மைக்கைத் தூக்கிப்போடாமல் தனியாக ஒரு ஃபாண்டம் பவர் பெட்டியோ, சின்ன இன்டர்ஃபேஸோ வைத்துப் பாருங்கள்.

சட்டையில் குத்தும் மைக் என்றால் பின்னைப் பாருங்கள். மூன்று கருப்பு வளையம் இருந்தால் போனுக்கானது. இரண்டு இருந்தால் கேமராவுக்கோ, மைக்குக்கென்று தனித் துளை உள்ள கம்ப்யூட்டருக்கோ உரியது. போயா பிஒய்-எம்1 போன்றவற்றில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். போனுக்கு ஒரு நிலை, கேமராவுக்கு மறு நிலை. கேமரா நிலையில் அது எல்ஆர்44 பொத்தான் பேட்டரியில் ஓடும். அணைக்க மறந்தால் பேட்டரி தீர்ந்துவிடும்.

சத்தம் வருகிறது, ஆனால் எங்கேயோ தூரத்தில்

நகத்தால் மைக்கின் வலையை லேசாகச் சுரண்டுங்கள். அது பதிவில் ‘கரகர’ என்று பெரிதாகக் கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் உங்கள் மைக் வேலையே செய்யவில்லை. லேப்டாப்பின் சொந்த மைக்தான் பதிவு செய்துகொண்டிருக்கிறது. ஆடாசிட்டியோ வேறு பதிவு மென்பொருளோ, உள்ளீட்டுப் பட்டியலில் உங்கள் மைக் பெயரைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பையன் ஆறு மாதம் யூஎஸ்பி மைக்கை அழகாக எதிரில் வைத்து, லேப்டாப் மூடியில் இருக்கும் மைக்கில் பாடிக்கொண்டிருந்தான். ‘புது மைக் வாங்கியும் பெரிய வித்தியாசம் தெரியல அண்ணா’ என்றான். எப்படித் தெரியும்?

ஊதிப் பார்ப்பது, ‘மைக் டெஸ்டிங்’ என்று தட்டுவது இரண்டும் வேண்டாம். கல்யாண மண்டப மைக் தாங்கும்; கண்டென்சரின் மெல்லிய தகட்டுக்கு ஈரக் காற்று ஆகாது.

சுரண்டல் நன்றாகக் கேட்டும் குரல் மங்கலாக இருந்தால், எந்தப் பக்கம் பார்த்துப் பாடுகிறீர்கள்? மேடை மைக்கின் உச்சியில் பாடிப் பழகிய கைக்கு எல்லா மைக்கும் ஐஸ்க்ரீம் கோன்தான். ஆனால் ஆடியோ-டெக்னிகா ஏடி2020, ரோட் என்டி1 மாதிரி பெரிய கண்டென்சர்கள் பக்கவாட்டில் கேட்பவை. நேராக நிமிர்த்தி வைத்து, பெரும்பாலும் கம்பெனி முத்திரை இருக்கும் முகத்தைப் பார்த்துப் பாட வேண்டும். பின்பக்கம் பாடினால் குரல் போர்வைக்குள் போன மாதிரி இருக்கும்.

‘ஸ்ஸ்ஸ்’ என்று இடைவிடாத இரைச்சல்

பாடுவதற்கு இடையில் மழை தூறுவதுபோல் ஒரு சத்தம். கெயினை, அதாவது மைக்கின் சத்தத்தைப் பெருக்கும் அளவைக் கூட்டினால் இதுவும் கூடும். அதனால் முதல் மருந்து தூரம். ஒரு முழத்திலிருந்து ஒரு சாணுக்கு வாருங்கள். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபெல் ஏறும். அந்த அளவுக்குக் கெயினைக் குறைக்கலாம், இரைச்சலும் கூடவே இறங்கும். காசு செலவில்லை.

டைனமிக் மைக்கில் இது இன்னும் முக்கியம். ஷூர் எஸ்எம்58 1966 முதல் விற்கிறது. உலகம் முழுக்க மேடைகளில் அடிபட்டும் சாகாத மைக். ஆனால் ஏடி2020-ஐ விட அதன் உணர்திறன் 17 டெசிபெல்லுக்கு மேல் குறைவு. அந்தக் குறையை இன்டர்ஃபேஸ்தான் ஈடுகட்ட வேண்டும். மலிவான இன்டர்ஃபேஸில் கெயின் திருகைக் கடைசி வரை திருகினால் அதன் சொந்த இரைச்சல் மேலே வந்துவிடும். உதட்டுக்கும் வலைக்கும் நாலு விரல் இடைவெளியில் பாடினால் அவ்வளவு திருக வேண்டியதே இல்லை.

மைக்கின் சொந்த இரைச்சல் எவ்வளவு என்று அதன் விவரப் பட்டியலில் போட்டிருப்பார்கள். ஏடி2020-க்கு 20 டெசிபெல். என்டி1-இன் ஐந்தாம் தலைமுறைக்கு 4 டெசிபெல். எண்ணைப் பார்த்ததும் கை பர்ஸுக்குப் போகும். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு, ஃபேனை நிறுத்திய பிறகும் நம் படுக்கையறை 30 டெசிபெல் வாக்கில்தான் இருக்கும். தெருநாய் குரைத்தால் கணக்கே வேறு. 4 டெசிபெல் மைக் அந்த அறையில் ஃப்ரிட்ஜ் சத்தத்தை இன்னும் சுத்தமாகப் பதிவு செய்யும், அவ்வளவுதான்.

‘ம்ம்ம்’ என்று கரண்ட் சத்தம்

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளான 100, 150-ம் சேர்ந்து ஒரு முனகலாகக் கேட்கும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓடவிட்டு மறுபடி பதிவு செய்யுங்கள். சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி அகப்பட்டான். பாடி முடிக்கும் வரை பேட்டரியிலேயே இருங்கள். இல்லையென்றால் லேப்டாப், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து எடுங்கள். யூடியூப் பார்த்து எர்த் பின்னை உடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்; அது உங்கள் உயிருக்காக இருக்கும் பின்.

சார்ஜரைக் கழற்றியும் போகவில்லையா? ஃபேன் ரெகுலேட்டர், மங்கலாக்கும் விளக்கு ஸ்விட்ச், இன்வெர்ட்டர் ஒவ்வொன்றாக அணையுங்கள். மைக் ஒயரும் கரண்ட் ஒயரும் ஒட்டி ஓடினால் பிரித்துப் போடுங்கள். குறுக்கே கடந்தால் தப்பில்லை.

‘குளியலறையில் பாடுகிற மாதிரி இருக்கு’

இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது. எதிரொலி கேட்டதும் மைக் போதவில்லை என்று நினைத்து அடுத்த விலை மைக்குக்குத் தாவுகிறார்கள். அது எதிரொலியை இன்னும் துல்லியமாகக் கொண்டுவரும்.

வளசரவாக்கத்தில் ஒரு வீடு. ஹாலில் பளபளக்கும் டைல்ஸ், ஒரு பக்கம் கண்ணாடி ஷோகேஸ், எதிரே பெரிய டிவி. நடுவில் மேசை, அதன்மேல் குட்டி ஸ்டாண்டில் கண்டென்சர் மைக். அந்தப் பெண்ணுக்கு நல்ல குரல், ஆனால் பதிவில் வேகமாக உருளும் ஒவ்வொரு பிருகாவும் பக்கத்து ஸ்வரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கை தட்டிப் பார்த்தேன்; ‘டங்’ என்று ஒரு வால் நீண்டது. படுக்கையறைக்குப் போனோம். அங்கே தட்டினால் ‘டப்’ என்று நின்றது. மெத்தை, தலையணை, திரைச்சீலை வேலை செய்துகொண்டிருந்தன. அம்மாவின் பீரோவைத் திறந்து வைக்கச் சொன்னேன். பட்டுப் புடவைகள் அடுக்கிய அந்தத் தட்டுகளுக்கு முதுகு காட்டி அவளை உட்கார வைத்தேன். மைக்கை ஒரு சாண் தூரத்துக்கு இழுத்தேன். அதே மைக், அதே பாட்டு. அவள் அம்மா கேட்டுவிட்டு ‘இது வேற மைக்கா?’ என்றார்.

ஏன் முதுகுப் பக்கம்? கார்டியாய்டு மைக் முன்னால் இருப்பதைக் கேட்கும், பின்னால் இருப்பதை ஒதுக்கும். மைக்குக்கு முன்னால் இருப்பது நீங்கள். உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரும் அதன் பார்வையில்தான் இருக்கிறது. எனவே ரஜாய், கம்பளி, பழைய மெத்தை எதுவானாலும் முதலில் உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கட்டும். மைக்குக்குப் பின்னால் ஒட்டும் ஸ்பாஞ்சுத் துண்டுகள் அப்புறம். முட்டை அட்டை வேண்டவே வேண்டாம். மெல்லிய காகிதம் அது. கீழ் ஒலிகளை ஒன்றும் செய்யாது, தூசும் கரப்பானும்தான் மிச்சம்.

மேசையும் ஒரு கண்ணாடிதான். குரல் மேசையில் பட்டுத் தெறித்து, கொஞ்சம் பிந்தி மைக்குக்கு வந்து சேரும். இரண்டும் கலக்கும்போது சில அதிர்வெண்கள் செத்து, குரல் டப்பாவுக்குள் போன மாதிரி ஆகும். கீழே தடிமனான ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, தரையில் உட்கார்ந்து பாடுவது நமக்கு வசதியும்கூட.

டைனமிக் மைக் அறைச் சத்தத்தை எடுக்காது என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. கண்டென்சரையும் டைனமிக்கையும் ஒரே தூரத்தில் வைத்து, ஒரே அளவு சத்தம் வரும்படி கெயினைச் சரிசெய்தால், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அறையைத்தான் கேட்கும். டைனமிக்கின் நன்மை, அதை வாயருகே வைத்துப் பாடுவதற்கென்றே செய்திருக்கிறார்கள் என்பது. நெருங்கினால் குரல் மேலே வரும், அறை கீழே போகும். அறையை மாற்ற முடியாது, தெரு பஸ் ரூட்டில் இருக்கிறது என்றால் என் ஓட்டு அதற்குத்தான். எஸ்எம்58-க்கு மனசு வரவில்லையென்றால் பெஹ்ரிங்கர் எக்ஸ்எம்8500 விலையில் ரொம்பக் கீழே, வேலைக்குப் போதும்.

ஒரு எச்சரிக்கை: நெருங்க நெருங்கக் கீழ் ஒலி பெருகும். ஆண் குரல் நாலு விரலுக்கும் கீழே போனால் பானைக்குள் பேசுவதுபோல் கனத்துவிடும்.

‘ப’ வெடிக்கிறது, ‘ஸ’ சீறுகிறது

நம் சங்கீதத்துக்கு இது கொஞ்சம் அநியாயமான கோளாறு. ஸ்வரம் பாடினாலே முதல் எழுத்து சீறும், ஐந்தாவது எழுத்து வெடிக்கும். கல்பனா ஸ்வரத்தில் பஞ்சமத்தில் வந்து வந்து நின்றால் பதிவில் ‘டுப் டுப்’ என்று தலையணையில் குத்துவதுபோல் விழும்.

இரண்டுக்கும் ஒரே முதல் வைத்தியம்: மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல், வாய் ஓரத்துக்குத் தள்ளி, மைக்கின் முகம் மட்டும் வாயைப் பார்க்கும்படி திருப்புங்கள். காற்று நேரே போய்விடும், குரல் மட்டும் மைக்குக்கு வரும். பாப் ஃபில்டர் (வாய்க்காற்றைத் தடுக்கும் வலை) கையில் இல்லையென்றால் எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் சாக்ஸை இழுத்துக் கட்டி, மைக்குக்கு நாலு விரல் முன்னால் நிறுத்துங்கள். கடை ஃபில்டருக்கு இது ஒன்றும் குறைச்சலில்லை.

சீறல் அப்படியே இருந்தால், அது மைக்கின் குணமாகவும் இருக்கலாம். மலிவுக் கண்டென்சர்களில் பல, ‘தெளிவு’ என்று காட்டுவதற்காக மேல் ஒலிகளைக் கூட்டித் தரும். வயலினுக்கு அதைவிட மோசம்; வில் உரசுவது கண்ணாடியைக் கீறுவதுபோல் வரும். வயலினில் பிரிட்ஜுக்கு நேர் மேலே வைக்காமல் ஒரு முழம் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். இது ஒன்றில்தான் ‘வேறு மைக் பாருங்கள்’ என்று நான் சீக்கிரம் சொல்வது.

உச்சத்தில் உடைகிறது

பேசிப் பார்த்துக் கெயின் வைத்திருப்பீர்கள். சரணத்தில் மேல் ஷட்ஜத்தைப் பிடிக்கும்போது குரல் எங்கேயோ போகும். எப்போதும் பாட்டின் உரத்த இடத்தைப் பாடியே கெயின் வையுங்கள். மீட்டரில் உச்சம் -6 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. 24 பிட்டில் பதிவு செய்தால் மெல்லிசாகப் பதிவானதைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். உடைந்ததை முழுசாக ஒட்டவைக்க முடியாது.

மிருதங்கத்தில் கெயினைக் குறைத்தும் உடைகிறதென்றால், மைக்குக்குள்ளேயே உடைகிறது என்று அர்த்தம். மைக்கில் பேட் ஸ்விட்ச் (உள்ளேயே சத்தத்தைக் குறைப்பது) இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் தள்ளி வையுங்கள். ஒரே மைக்தான் என்றால் வாத்தியத்துக்கு முன்னால் நடுவில் வைத்து, இடது முகமான தொப்பிக்கும் வலது முகமான வலந்தலைக்கும் சமன் கிடைக்கும் வரை அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

சுருதியைக் காணோம்

ஆன்லைன் வகுப்பு எடுத்தவர்களுக்குத் தெரியும். இங்கே தம்புரா ஓடிக்கொண்டிருக்கும், அந்தப் பக்கம் ‘சுருதி வைக்கலையா டீச்சர்?’ என்பார்கள். நீளமாகப் பிடித்த ஸ்வரமும் பாதியில் தேய்ந்துவிடும். மைக் கெடவில்லை. இடைவிடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதெல்லாம் ஏசி சத்தம், ஃபேன் சத்தம் என்று நினைத்து இரைச்சல் நீக்கி அழித்துவிடுகிறது. அதற்குத் தம்புராவும் ஏசியும் ஒன்றுதான்.

ஜூமில் இசைக்கலைஞர்களுக்கான ‘ஒரிஜினல் சவுண்ட்’ வசதியைப் போடுங்கள். விண்டோஸில் மைக் செட்டிங்கில் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்பதை அணையுங்கள். பதிவுக்கு என்றால் தம்புராவை மைக்கில் விடவே வேண்டாம். ஹெட்போனில் கேட்டுப் பாடிவிட்டு, அதே சுருதியைத் தனி ட்ராக்காகப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து கட்டையில் பாடினேன், ஆறை நோக்கிப் போகிறது

சிரிக்காதீர்கள், எனக்கே நடந்தது. அக்கா ஐந்து கட்டைச் சுருதியில் பாடிய பதிவை வேறொரு ஃபைலோடு சேர்த்தேன். கேட்டால் ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. வேகமும் கூடியிருந்தது, பத்து நிமிடப் பாட்டு 9 நிமிடம் 11 விநாடியில் முடிந்தது. அந்த 11 விநாடிதான் காட்டிக்கொடுத்தது: சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற எண்) 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவானதை 48 என்று நினைத்து ஓட்டினால் சரியாக இந்த விகிதம். இன்டர்ஃபேஸ், கம்ப்யூட்டர், மென்பொருள் மூன்றிலும் ஒரே எண்ணை வையுங்கள். வீடியோவுக்கு என்றால் 48.

என் குரல் எனக்கே இரண்டாகக் கேட்கிறது

இன்டர்ஃபேஸின் ‘டைரக்ட் மானிட்டர்’ உங்கள் குரலை நேரே ஹெட்போனுக்கு ஒரு முறை தருகிறது, மென்பொருள் கொஞ்சம் பிந்தி இன்னொரு முறை தருகிறது. மென்பொருளில் இருப்பதை அணையுங்கள். முடிந்தது.

ஹெட்போனில் இருக்கிறது, போன் ஸ்பீக்கரில் குரல் இல்லை

இதைப் பார்த்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. எக்ஸ்எல்ஆர் மைக்கைத் தவறான ஒயரால் ஸ்டீரியோ சாக்கெட்டில் சொருகினால் இடது காதுக்கு வரும் அலையும் வலது காதுக்கு வரும் அலையும் தலைகீழாக இருக்கும். ஹெட்போனில் தெரியாது, ‘அகலமாக’ இருப்பதுபோல்கூடத் தோன்றும். ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் கூடும்போது ஒன்றையொன்று அடித்துவிடும். பதிவானதில் ஒரு சேனலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தால் குரல் திரும்பிவிடும். அடுத்த முறை ஒயரை மாற்றுங்கள், ட்ராக்கை மோனோவாக வையுங்கள்.

அடியில் ஒரு ‘தொம் தொம்’

பாட்டோடு சரியாக லயத்தில் கேட்கிறதா? அது உங்கள் கை. தொடையில் போடும் தாளம் உடம்பு வழியாகத் தரைக்கும், தரை வழியாக ஸ்டாண்டுக்கும் போகிறது. ஸ்டாண்டின் காலுக்கு அடியில் துண்டை நாலாக மடித்து வையுங்கள். ஸ்டாண்டை நீங்கள் உட்காரும் ஜமுக்காளத்தில் வைக்காதீர்கள்.

லயமில்லாமல் ஓயாத உறுமல் என்றால் தெரு, லிஃப்ட், ஃபேன் காற்று. மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். ஒரு கட்டையில் பாடுகிற ஆண் மந்திர பஞ்சமத்துக்கு இறங்கினாலும் 98 ஹெர்ட்ஸ்தான், குரலுக்குச் சேதமில்லை. மிருதங்கத்துக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள், தொப்பி போய்விடும். ஃபேனை நிறுத்தாமல் பாட வழி உண்டா என்று மே மாதத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. ஒவ்வொரு டேக்குக்கும் நிறுத்தி, நடுவில் போட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் படபடவென்று பொரிகிறது

கண்டென்சரில் ஈரம் இறங்கியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் அடிக்கடி கேட்கும் புகார். ஒரு நாள் முழுக்க மைக்கைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். வெயிலில் காயவைக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். எங்கள் வீட்டில் அக்காவின் மைக் இருப்பது பழைய எவர்சில்வர் சம்படத்தில். ஷூ பெட்டிகளில் வரும் சின்னப் பொட்டலங்களை இதற்காகவே சேர்க்கிறோம்; நீல மணி போட்ட வகை வெளிறி இளஞ்சிவப்பாகிவிட்டால் மாற்ற வேண்டும்.